அப்பனாகப் போற மவராசனுக்கு

வாடா பேராண்டி. மீசையை முறுக்கிக்கிட்டு வர்ற தோரணையைப் பாத்தா பிள்ளைய நீதான் சுமக்குறியோன்னு சந்தேகமா இருக்கு. ஒம் பொண்டாட்டி வாந்தி எடுத்துட்டு இப்பத்தான் கண்ணசந்தா. அதுக்குள்ள ஒன்னைய நாலு வார்த்தை பாராட்டிக்கிறேன். நர்சம்மா பின்னாடி பிரசவத்துக்குப் பிரசவம் அலைஞ்சவ நான், தப்பாச் சொல்ல மாட்டேன்.

“எட்டு வாரம்”னு தெரு பூராச் சொன்னியாமே! கணக்கு கடைசியாத் தூரமான நாளுல இருந்து ஓடுது. மொத்தம் 40 வாரம், 280 நாள். கரு உண்டாகுறதே பெரும்பாலும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான். ஒன் பேங்கு லோனு மாதிரி, கைக்குக் காசு வர்றதுக்கு முந்தியே வட்டி ஓட ஆரம்பிச்சிருச்சு.

ஒன் பங்கு அந்த ஒரு நாளோட முடிஞ்சது. கோடிக்கணக்குல புறப்பட்டதுல ஒண்ணு உள்ள போச்சு. அது சுமந்தது எக்ஸ் குரோமோசோமா, ஒய்யாங்குறதுலதான் பொட்டையா ஆணாங்குற சங்கதி இருக்கு. அவகிட்ட எக்ஸைத் தவிர வேற கிடையாது. “ஆம்பளப் பிள்ளையாப் பெத்துக் குடு”ன்னு மருமகளை நச்சரிக்கிற ஒங்காத்தாகிட்டச் சொல்லு, மனுவை மகன்கிட்டதான் குடுக்கணும், கடைசித் தேதியும் போயிருச்சுன்னு. ஸ்கேன்ல விசாரிக்கலாமான்னு என் காதுல போடாத. 1994-லயே சட்டம் போட்டாச்சு. கேட்டவனும் உள்ள, சொன்னவனும் உள்ள. ஒருத்தனுக்கு ஒரு மாமியார் வீடு போதாதா?

நீ மிட்டாய் வாங்குறதுக்கு முந்தியே உள்ள வேலை எங்கயோ போயிருச்சுலே. கரு உண்டாகி மூணு வாரம் தாண்டுனதும் இதயம் துடிக்க ஆரம்பிச்சிரும். மூளையும் தண்டுவடமுமா மாறப்போற குழாய் 28 நாளுக்குள்ள மூடிக்கிடணும். அது ஒழுங்கா மூடத்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரைய முன்கூட்டியே முழுங்கச் சொல்றாக. “நல்லாத்தானே இருக்கா, மாத்திரை எதுக்கு?”ன்னு அன்னைக்குக் கேட்ட டாக்டரய்யா நீதானே?

அந்தக் குங்குமப்பூ டப்பி என்ன விலை? நம்ம வம்சத்துக் கருப்பு பால்ல கழுவுனாப் போற சாயமாடா? நிறம் பரம்பரையா வர்றது. குங்குமப்பூவால பாலுக்கு மணம் வரும், கடைக்காரனுக்குப் பணம் வரும். அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கு. ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்னு ரெண்டாள் சோத்தையும் திணிக்காதீக. 12 வாரத்துல அந்த ரெண்டாவது ஆளு வெறும் 14 கிராம்தான். பின்னால வயிறு பெருத்த மாசத்துலயும் நாளைக்கு 350 கலோரி கூட வேணும், அம்புட்டுத்தான். ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் பாலு, கொஞ்சம் கடலை. இரும்புச்சத்து மாத்திரை போட்டவுடனே பாசம் பொங்கி டீ ஆத்திக் குடுக்காத. டீ அந்தச் சத்தை ஒட்டவிடாது.

அஞ்சாம் மாசத்தை ஒட்டி அசைவு தெரியும். ஏழாம் மாசம் வளைகாப்புல கண்ணாடி வளையல் கலகலக்குறது உள்ள இருக்கிறதுக்கும் கேக்கும். ராத்திரி நீ அவளை வையிறதும் கேக்கும், பாத்துக்க.

குறிச்சுக் குடுத்த தேதிக்கு மட்டும் லீவு எழுதியிருக்கியாமே, கெட்டிக்காரன்! நூத்துல அஞ்சு பிள்ளை அந்தத் தேதிக்கு வந்தா அதிசயம். ஒங்காத்தா வேற, ஜோசியர் சொன்ன முகூர்த்தத்துக்கு ஒரு மாசம் முந்தியே வயித்தைக் கிழிச்சு எடுக்கலாமாங்குறா. நுரையீரல் கடைசியிலதான் பக்குவப்படும். அதுக்கு நட்சத்திரம் பாக்கத் தெரியாது.

உதிரம் பட்டாலோ, தலைவலி மண்டையைப் பிளந்தாலோ, மூஞ்சி வீங்குனாலோ, பிள்ளை அசைவு குறைஞ்சாலோ விடியட்டும்னு உக்காந்திராத, 108-க்குப் போன் போடு. வண்டி வந்ததும் புதுமாப்பிள்ளையாட்டம் முன்சீட்டைத் தேடாத. பின்னால ஏறி அவ கையைப் பிடிச்சுக்க. வலியில ஒன்னையும் ஒன் வம்சத்தையும் சேத்து வைவா. வாங்கிக்க. என்னையும் சேத்துத்தான் வைவா, பரவாயில்ல.