அஞ்ஞாதவாசி

தாம் பிறந்த தேதியை இன்டர்நெட்டுக்குத் தெரிவிப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டு, கேட்கிற இடத்திலெல்லாம் 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி என்றே பதிவு செய்துவிட்டு, அதன் பயனாக வருஷாவருஷம் புத்தாண்டு தினத்தன்று செருப்புக் கடை முதல் ஓட்டல் வரையில் சகலரும் அனுப்பும் ஜன்மதின வாழ்த்துக்களை வெற்றிப் புன்னகையோடு படித்துப் படித்து அழிக்கும் பெரியவர் ஒருவரை நீங்களும் அறிந்திருப்பீர்கள். வயது நூற்றிருபதைக் கடந்துவிட்ட ஒரு கிழவருக்கு, மைதானத்தில் ஓடுவதற்கான பூட்ஸைப் பத்து சதவிகிதத் தள்ளுபடியில் தருவதாக எழுதுகிறோமே என்று அந்தச் செருப்புக் கடைக்காரருக்கும் தோன்றுவதில்லை; அவ்வளவு வயதாகியும் இன்னும் பென்ஷன் வாங்குகிறோமே என்று நம் பெரியவரும் கூச்சப்படுவதில்லை.

அவருக்கு அஞ்ஞாதவாசி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயரை இங்கே எழுதினால் அவர் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார். இப்பொழுதும் வருகிறார் என்றாலும், காபி நன்றாயிருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுவதில்லை. ஒருவன் தன் விருப்பு வெறுப்புகளை வெளியிடுவது விளம்பரக்காரர்களுக்குத் தீனி போடுவதாகும் என்பது அவருடைய சித்தாந்தம். மேஜைமேல் என் கைப்பேசி கிடந்தால் அதன்மீது ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் அவர் தம் மூட்டுவலியைப் பற்றிப் பிரஸ்தாபிப்பார்.

அவருடைய மடிக்கணினியின் காமிராக் கண், தர்மபத்தினியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றினால் மூடப்பட்டிருக்கிறது. இதைக் கண்டு சிரிக்க முற்படுகிறவர்களுக்கு அவரிடம் தயாராக ஒரு பிரமாணம் உண்டு. 2016-ஆம் ஆண்டில் பேஸ்புக் அதிபர் மார்க் ஸக்கர்பர்க் வெளியிட்ட ஒரு புகைப்படத்தில், பின்னால் மேஜைமீதிருந்த கணினியின் காமிராவிலும் மைக்கிலும் நாடா ஒட்டியிருந்ததை ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சண்டை, சமாதானம் அத்தனையையும் அறிந்து வைத்திருக்கும் அந்த மனிதரே தம் வீட்டுக் கண்ணை மூடி வைத்திருக்கிறார் என்றால் நமக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று அவர் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு மாற்றப்படுகிறது.

காலையில் ஸ்நானம் முடிந்ததும் அவர் பத்திரிகை படிக்க உட்காருவார். படிப்பதற்கு முன்னால் மறுப்பு என்றொரு நித்திய கர்மானுஷ்டானம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மொண்டுல்லி என்ற இளைஞர், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் வந்தவர் யாரென்பதையே மறந்துவிடும் இணையதளங்களுக்கு, அவர் கூடையில் எடுத்து வைத்த சாமான் என்ன என்பதையாவது நினைவூட்டும் பொருட்டு, வந்தவருடைய கணினியிலேயே சிறு குறிப்பொன்றை எழுதிப் போட்டு வைக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் குக்கீ. நல்ல நோக்கத்தோடு எழுதிய அந்தச் சீட்டை விளம்பரக் கம்பெனிகள் பிற்பாடு கைப்பற்றிக்கொண்டு, ஒரே ஆசாமி எந்தெந்தத் தளத்தின் படியேறி இறங்குகிறான் என்று பின்தொடர ஆரம்பித்தன. ஆகவே அஞ்ஞாதவாசி எல்லாக் குக்கீகளையும் மறுக்கிறார். இவர் மறுத்தார் என்பதைத் தளம் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு குக்கீதான் வேண்டியிருக்கிறது; அதையும் அவர் இரவு படுக்கப் போகுமுன் நிர்த்தாட்சண்யமாகத் துடைத்தெறிந்து விடுவதால், மறுநாள் உதயத்தில் ஒவ்வொரு தளமும் யாரோ புது மனிதர் வந்திருக்கிறார் என்று எண்ணி, முதலிலிருந்து சம்மதம் கேட்கத் தொடங்கும். அவர் மறுத்து முடிக்கிற வேளையில் காபி ஆறியிருக்கும், செய்தியும் ஆறியிருக்கும்.

மிகவும் அந்தரங்கமான காரியங்களுக்கு அவர் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறப்பார். 2008-ஆம் ஆண்டில் குரோம் உலாவியோடு கூடவே பிறந்த அந்த ஜன்னல், நாம் போய் வந்த இடங்களின் பட்டியலை நம்முடைய கணினியில் மட்டுமே எழுதாமல் விடுகிறதே தவிர, இணைப்புத் தரும் கம்பெனிக்கோ, போய்ச் சேரும் தளத்துக்கோ நம்மை மறைப்பதில்லை. இந்த ஜன்னல் வழியே உலாவியபோதும் தங்களைப் பின்தொடர்ந்ததாக அமெரிக்காவில் சிலர் 2020-இல் கூகிள்மீது வழக்குத் தொடுத்து, 2024-இல் அது சமரசத்துக்கு வந்தபோது, அவ்வகையில் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழித்துவிடக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அப்படியானால் அந்த ஜன்னல் யாரிடமிருந்து நம் நண்பரை மறைக்கிறது? ஒரே வீட்டில் அதே கணினியைத் தொடக்கூடிய அவருடைய மனைவியாரிடமிருந்துதான். ஆனால் அந்த அம்மாளுக்கோ, தங்கத்தின் இன்றைய விலையையும் மூட்டுவலித் தைலத்தையும் அவர் தேடுகிற ரகசியம் முழுவதும் சமையலறையிலிருந்தபடியே தெரியும். ஏனென்றால் அஞ்ஞாதவாசி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டும் வழக்கமுடையவர்.

நாம் வேறோர் ஊரிலிருந்து வருவதாகத் தளங்களுக்குக் காட்டும் வி.பி.என். விஷயம் வேறு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நடத்துகிறவர்கள் சந்தாதாரர்களின் பெயர், விலாசம் முதலியவற்றை ஐந்து ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டதும், சில வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டன. அஞ்ஞாதவாசியும் அவற்றோடு புறப்பட்டு ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திராமலே நெதர்லாந்து தேசத்துப் பிரஜையாகி, டச்சு மொழியில் சைக்கிள் விளம்பரங்களைக் கண்டு களித்துக்கொண்டிருந்த அவர், ஒரு நாள் பென்ஷன் வந்ததா என்று பார்க்கும் பொருட்டுத் தம் வங்கிக் கணக்கைத் திறந்தபோது, ஐரோப்பாவிலிருந்து யாரோ ஒரு சோரன் உள்ளே நுழைகிறான் என்று அஞ்சி வங்கியார் கணக்கை முடக்கிவிட்டார்கள். முடக்கத்தை எடுக்க அவர் ஆதார், பான், பாஸ்புக், இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களைச் சுயக்கையொப்பமிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நகல் எடுத்த ஜெராக்ஸ் கடையில் ஆதாரின் சரியாக விழாத பிரதி ஒன்று குப்பைக் கூடையில் கிடந்ததை அவர் நினைத்துக்கொண்டது அன்றிரவு இரண்டு மணிக்கு.

இவ்வளவு சொன்னதனால் அவரைப் பைத்தியக்காரர் என்று நான் கருதுவதாக நினைத்துவிடக் கூடாது. அவர் பயப்படும் பூதம் மெய்யான பூதமே. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பெனி, ஆராய்ச்சியாளர்களுக்கு உபகாரமாக, சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய இரண்டு கோடித் தேடல்களைப் பெயர்களை நீக்கி, வெறும் இலக்கங்களை மட்டும் போட்டுப் பகிரங்கப்படுத்தியது. இலக்கமாயிருந்த ஒருவரின் தேடல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போன நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், சில தினங்களுக்குள் ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மனிதன் தேடுகிற பொருள்களே மனிதனைக் காட்டிக் கொடுக்கின்றன என்றால், பயப்படாதவன் அல்லவா பைத்தியக்காரன்?

இதனாலேயே ஆகஸ்டு 24 அவர் வீட்டில் பண்டிகை நாள். கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, ஆதார்த் திட்டத்தை எதிர்த்து 2012-இல் போட்ட மனுவையொட்டி, 2017-ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். வருஷந்தோறும் அன்றைக்குப் பாயசம் வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டால், "அது அந்தரங்கம்" என்பார்.

அவருடைய வித்தைகளில் எதுவும் பலிக்காமற் போவதன் காரணத்தை நான் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரண்டியர் பவுண்டேஷன், தன் சோதனைத் தளத்துக்கு வந்த சுமார் 4,70,000 உலாவிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவற்றில் 83.6 சதவிகிதம் தனக்கு ஈடாக இன்னொன்று இல்லாதவை என்று கண்டது. குக்கீ வேண்டாம், பெயர் வேண்டாம். திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, கணினியில் உள்ள எழுத்துருக்கள் என்று உலாவி தானாகவே ஒப்பிக்கும் சில்லறை விவரங்களைக் கூட்டிப் பார்த்தாலே ஆளுக்கொரு கைரேகை கிடைத்துவிடுகிறது. நம் நண்பரோ, ஒருங்குறி பரவுவதற்கு முற்பட்ட காலத்தில் கோவில் மலர் ஒன்றை அச்சிடுவதற்காகச் சேர்த்த பழைய தமிழ் எழுத்துருக்களை ஒன்று விடாமல் வைத்திருக்கிறார். உலாவியின் மொழியைத் தமிழ் என்று அமைத்திருக்கிறார். கேடயத்தின்மேல் கேடயமாக எத்தனையோ நீட்சிகளை மாட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு, 'என்னைப் பின்தொடராதீர்' என்று தளங்களிடம் விண்ணப்பித்துக்கொள்ளும் பொத்தானையும் அமுக்கி வைத்திருக்கிறார். அந்த விண்ணப்பத்தைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை என்பதோடு, விண்ணப்பித்தவன் இன்னான் என்று அடையாளம் காண அதுவே ஒரு துப்பாகிவிடும் என்று கருதி ஆப்பிள் கம்பெனி 2019-இல் தன் உலாவியிலிருந்து அதை எடுத்தேவிட்டது. பீமசேனன் பெயரை மாற்றிக்கொண்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விராடனின் மடைப்பள்ளியில் ஒளிந்திருந்தபோது துரியோதனனுடைய ஒற்றர்களால் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கீசகனை அவன் கொன்ற விதம் அஸ்தினாபுரத்துக்கு எட்டியதும், இப்படிக் கொல்லக்கூடியவன் உலகத்தில் வேறு யார் இருக்கிறான் என்று துரியோதனன் ஊகித்துவிட்டான். இப்படி ஒளியக்கூடியவர் எங்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்?

டார் உலாவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலையில் 1990-களில் உருவான யோசனையை ஆதாரமாகக் கொண்ட அதன் பாதுகாப்பில் பாதி, அதை உபயோகிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகத் தோற்றமளிப்பதில் இருக்கிறது. அதனால்தான் நீட்சி எதையும் சேர்க்காதீர்கள் என்று அதைச் செய்தவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது ஒரு பாதுகாப்பு என்பதை அஞ்ஞாதவாசியால் ஜீரணிக்க முடியவில்லை. ஆயுட்காலம் முழுவதும் தணிக்கை இலாகாவில் பிறர் செய்த காரியத்தில் ஏதாவது ஒரு திருத்தம் செய்தே பழகியவர், டார் உலாவியிலும் சில கேடயங்களை மாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவர் மெய்யாகவே மறைந்து நின்றது, எனக்குத் தெரிந்து, மளிகைக் கடையில்தான். பில் போடும் பெண் வழக்கப்படி, "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்டாள். இதற்கென்று அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த, ஒன்பதில் தொடங்கி வரிசையாக இறங்கும் பொய் எண்ணைக் கம்பீரமாகச் சொன்னார். அந்தப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க நம்பர்ல 2,340 பாயின்ட் இருக்கு சார், கழிச்சுக்கட்டுங்களா?" என்றாள். ஊரிலுள்ள பொய்யர் அனைவரும் அதே எண்ணைச் சொல்லிச் சொல்லி, ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து வைத்த ஐசுவரியம் அது. நண்பர் மறுத்துவிட்டார். ஆனால் நெய் விலையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார் என்று பக்கத்தில் நின்ற அவருடைய மனைவியார் சொல்லுகிறார்.

அந்த அம்மாளிடம் ரகசியம் என்பதே கிடையாது. தமக்குத் தெரிந்தவர்கள் அனைவரையும் உறவுமுறையோடும் வீட்டு எண்ணோடும் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்று அனுமதி கேட்டபோது, பாவம் கேட்கிறதே என்று கொடுத்தும் விட்டார். அதே செயலியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணோ, நம் நண்பரின் எண்ணைத் தன் சௌகரியத்துக்கு ஏற்றபடி குறித்து வைத்திருந்தாள். அதன் விளைவாக, அவர் சென்ற மாதம் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு நேரம் கேட்டுப் போன் செய்து, பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள்ளாகவே, மறுமுனையில் இருந்த பெண் மரியாதையாக, "சொல்லுங்க, குக்கீ மாமாவா?" என்று கேட்டிருக்கிறாள்.

குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அவர் இன்றுவரை சேரவில்லை. நாற்பது குடும்பங்கள் தம் எண்ணைப் பார்ப்பதா என்பது அவருடைய ஆட்சேபம். செயலாளர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தமக்குத் தோன்றிய மார்க்கத்தைக் கையாண்டார். மற்றவர்களுக்கு நிலுவை விவரம் தனித்தனியே அவரவர் கைப்பேசிக்குப் போகிறது. அஞ்ஞாதவாசிக்குரிய தகவல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டு லிப்டுக்குள் ஒட்டப்படுகிறது. பால்காரர், கொரியர்க்காரர், மேல்மாடிக்கு விருந்தாக வருகிறவர் யாவரும் ஏறும்போது ஒரு தரமும் இறங்கும்போது ஒரு தரமும் அதை வாசிக்கிறார்கள். நேற்று நானும் வாசித்தேன்:

"சி-4 சார் அவர்கள் கவனத்துக்கு. தங்கள் பராமரிப்புத் தொகை மூன்று மாதமாக ரூ. 7,500 பாக்கி. தங்கள் குளியலறைக் கசிவு பற்றி பி-4 வீட்டார் இரண்டாம் முறையாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். நாளை தண்ணீர் லாரி வராது. தங்கள் அந்தரங்கத்தை முன்னிட்டு இவ்விவரம் குரூப்பில் போடப்படவில்லை. இப்படிக்கு, செயலாளர்."