யன்னலுக்குக் கம்பி இல்லாத நாடு

கனடாவுக்குக் குடிவந்த ஈழத்தமிழர் புதுநாட்டின் பாதுகாப்பை முதலில் அளப்பது யன்னலைப் பார்த்துத்தான். யாழ்ப்பாணத்தில் மதில், படலை, முற்றத்து நாய், யன்னல் கம்பி எல்லாவற்றையும் தாண்டித்தான் கள்ளன் வீட்டுக்குள் வரவேண்டும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அவனுக்கு அந்தச் சிரமம் எதுவும் வைக்கப்படவில்லை. முன் புல்தரை நேரே றோட்டில் போய் முடிகிறது. யன்னல் வெறும் கண்ணாடி. தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே வர வழி வேண்டும், அதனால்தான் கம்பி போடுவதில்லை என்று பிள்ளைகள் விளக்கம் சொல்வார்கள். புதிதாக வந்திறங்கிய அம்மம்மாவுக்கு அது போதாது. தீ எப்போதாவது வரும், கள்ளன் எப்போதும் வருவான் என்பது அவருடைய கணக்கு. முதல் கிழமையிலேயே பின்பக்க இழுகதவு ஓடுகிற தடத்தில் விளக்குமாற்றுத் தடி ஒன்றை அளவாக வெட்டிக் கிடத்திவிடுவார். வீடே சிரிக்கும். களவைத் தடுக்கப் பொலிஸார் சொல்லும் யோசனைகளிலும் அதே தடி இருக்கிறது என்பது பின்னர்தான் தெரியவரும்.

கள்ளனுக்கு அடுத்த பயம் பொலிஸ். ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. போர்க்காலத்தில் இராணுவச் சென்றியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உருட்டியபடி நடக்கவேண்டும். இறங்காமல் இருப்பதுதான் குற்றம். அப்படிப் பழகிய ஒருவரை 401 நெடுஞ்சாலையில் பொலிஸ் விளக்குப் போட்டு மறித்தால், அவர் மரியாதையாகக் கதவைத் திறந்து இறங்கி, சட்டைப்பைக்குள் கையை விட்டபடி பொலிஸ்காரரை நோக்கி நடப்பார். கனடாவில் செய்யக்கூடாத காரியங்கள் மூன்றை அவர் ஒரே மூச்சில் செய்து முடித்திருப்பார். காருக்குள்ளேயே இருக்கவேண்டும், கைகள் ஸ்டியரிங்கில் தெரியவேண்டும் என்பது இங்கத்தைய முறை. பொலிஸ்காரர் போடுகிற சத்தத்தை அவர் கெதியாக வரச்சொல்வதாக எண்ணிக் கெதியாக நடப்பதும் உண்டு. எல்லாம் அடங்கிய பிறகு, அதிவேகத்துக்கான டிக்கெற்றைக் கையில் தந்து, இன்றைய நாள் நல்லபடி அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போவார் பொலிஸ்காரர். அடியும் இல்லை, கையூட்டும் இல்லை. தண்டமும் போட்டு வாழ்த்தும் சொல்கிற அரசாங்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று விளங்க அவருக்குப் பல வருடம் பிடிக்கும்.

அதிகாரத்தின் மீதுள்ள இந்தப் பழைய பயத்தை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. தொலைபேசி மோசடிக்காரர் நன்றாகவே கவனித்தார்கள். வருமானவரிப் பகுதியில் இருந்து பேசுகிறோம், இன்னும் அரைமணி நேரத்தில் கைது செய்ய ஆள் வரும் என்று ஒரு கோபக் குரல் மிரட்டும். செல்லடிக்கு அசையாதவர் அந்தக் குரலுக்கு ஆடிப்போவார். வரிப்பாக்கியைக் கடையில் விற்கிற பரிசு அட்டைகளாக வாங்கிக் கட்டச் சொல்லும்போதும் அவருக்குச் சந்தேகம் வருவதில்லை. அரசாங்கம் கேட்பதற்கு நியாயம் இருக்கவேண்டும் என்று அவருக்கு எந்த அரசாங்கமும் கற்றுத்தரவில்லை. இப்படியான அழைப்புகளை விசாரிக்கவே 2018இல் கனடாவின் கூட்டாட்சிப் பொலிஸ் ஒரு தனித் திட்டம் தொடங்கியது.

குடிவந்து பத்து வருடம் கடந்தவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "நாங்கள் வந்த காலத்தில கதவே பூட்டிறேல்லை." கனடாவில் பொலிஸில் பதிவாகும் குற்றங்களின் வீதம் 1991இல் உச்சத்தில் இருந்தது. தமிழர் திரள்திரளாக வந்திறங்கிய காலமும் அதுதான். (இரண்டுக்கும் தொடர்பில்லை.) அதன் பிறகு அந்த வீதம் பல வருடங்களாகக் கீழேதான் இறங்கியது. ஆனால் பொற்காலம் என்பது அவரவர் விமானத்தால் இறங்கிய வருடத்தில் தொடங்கி, அவரவர் வீடு வாங்கிய வருடத்தில் முடிந்துவிடுகிறது. களவு போக வீட்டில் ஒன்றும் இல்லாதவரைக்கும் ஊர் பத்திரமாகத்தான் தெரியும்.

இன்னொரு நம்பிக்கை, குற்றம் செய்கிறவர்கள் எப்போதும் வேறு சமூகத்து ஆட்கள் என்பது. எந்தச் சமூகம் என்று சொல்லும்போது குரல் தணியும், வெட்கம் தணியாது. 1990களில் இந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. வல்வெட்டித்துறையின் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்ட ஒரு தமிழ் இளைஞர் குழு, அதன் எதிர்க்குழுவோடு ஸ்காபரோத் தெருக்களில் மோதத் தொடங்கியது. பழைய மாணவர் சங்கத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் அடுத்தபடியாக, ஊர்ப்பற்று இந்த உருவிலும் வெளிப்பட்டது. 2001 ஒக்ரோபரில் ரொறன்ரோப் பொலிஸார் ஒரே வீச்சில் பல டசின் பேரைக் கைதுசெய்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் தமிழரைக் கண்டு கதவைப் பூட்டினாரா என்பதைப் பற்றி நம்மவர் பேசுவதில்லை.

உண்மையில் வந்த களவுகள் எவரும் காவல் போடாத பக்கத்தால் வந்தன. காலையில் நடக்கப்போகும் முதியவருக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கும். உள்ளே இருக்கும் பெண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்பாள். வழி சொன்னதும் கண்கலங்கி, கையைப் பிடித்து, நன்றிக்காகத் தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டு, கட்டியணைத்து விடைபெறுவாள். இத்தனை வருடத்தில் கனடாவில் ஒருவர் இவ்வளவு அன்பு காட்டியதில்லை என்ற நெகிழ்ச்சியோடு அவர் வீடு வந்து சேருவார். கழுத்தில் கிடப்பது பித்தளை என்பதையும், அங்கே கிடந்த மூன்று பவுண் சங்கிலி போய்விட்டதையும் கண்ணாடிக்கு முன்னால் நின்று மனைவிதான் கண்டுபிடிப்பார். ஆளைக் கண்டால் ஒதுங்கவேண்டும் என்று எச்சரித்த ஊர், அன்பைக் கண்டால் ஒதுங்கவேண்டும் என்று சொல்லித்தரவில்லை.

கார்க்களவு இதையெல்லாம் விஞ்சியது. கதவை உடைப்பது, கம்பி விடுவது எல்லாம் பழைய தொழில். வீட்டுக்குள் இருக்கும் மின்திறப்பின் சமிக்ஞையை வெளியில் நின்று ஒரு கருவியால் பெருக்கி, காரை ஏமாற்றித் திறந்து, சத்தமில்லாமல் ஓட்டிப்போய்விடுகிறார்கள். அது மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் ஏறி ஆபிரிக்காவுக்கோ மத்திய கிழக்குக்கோ போய்ச் சேரும். ஊருக்குப் போக விசா கிடைக்காத ஆட்களின் கார்கள்கூடக் கடல் கடந்திருக்கின்றன. கனடாவின் நீதி அமைச்சரின் பாவனைக்கு அரசாங்கம் கொடுத்த ரொயோட்டா ஹைலாண்டர் மூன்று தடவை களவு போனது 2024 பெப்ரவரியில் செய்தியானது. அந்த நாட்களில் ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில் நடந்த கூட்டமொன்றில் ஒரு பொலிஸ் அதிகாரி, திறப்பைத் தேடிக் கள்ளர் வீட்டுக்குள் புகுந்து அடிக்காமல் இருக்கவேண்டுமென்றால் அதை முன்கதவடியிலேயே வைத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார். உலகமே சிரித்தது. திறப்புக்கொத்தை இடுப்பில் செருகியபடி நித்திரை கொண்ட தலைமுறைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கள்ளனுக்குத் தேத்தண்ணியும் போட்டு வைக்கட்டோ என்று கேட்ட முதியவர்கள் உண்டு.

இத்தனைக்கும் பயம் ஒருவழிப் பயணம் இல்லை. ரொறன்ரோவில் துப்பாக்கிச்சூடு என்று தொலைக்காட்சியில் கண்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து அழைப்பு வரும். பிள்ளைகளை வெளியில் விடவேண்டாம் என்று மாமி அழாக்குறையாகச் சொல்வார். சூடு நடந்த இடம் வீட்டில் இருந்து நாற்பது கிலோமீற்றர் என்பது அவருக்குத் தேவையில்லாத விபரம். 2011இல் உடம்பில் கிரீஸ் பூசிக்கொண்டு இரவில் ஆட்கள் வருகிறார்கள் என்ற கிரீஸ் பூதக் கதை இலங்கையில் பரவியபோது, அதே மாமியைச் சாமத்தில் எழுப்பி யன்னல் பூட்டியிருக்கிறதா என்று கேட்டவர்கள் ஸ்காபரோக்காரர். பிறகு யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுக்களின் முறை வந்தது.

ஆகவே கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் ஊர்க் கள்ளருக்குப் பயந்து தாலிக்கொடியைக் கனடாவிலேயே விட்டு, தங்கமுலாம் பூசியதைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். வங்கிப் பெட்டகத்துக்கு வருட வாடகை கட்ட மனமில்லாதவர்கள் அசல் கொடியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பேஸ்மென்றில் இருக்கும் இருபது கிலோ அரிசிப் பைக்குள் புதைத்துவிட்டுப் போகிறார்கள். தெற்காசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது கள்ளருக்குத் தெரியும் என்று பொலிஸார் எச்சரித்திருக்கிறார்கள். அரிசிப் பையைப் பற்றி அவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.