சின்னத் துரையின் இறந்தகாலம்

தேயிலைத் தோட்டத்து உதவி மேலாளருக்குத் தொழிலாளர் வைத்த பெயர் சின்னத் துரை. வெள்ளைக்காரன் போன பிறகும் பட்டம் போகவில்லை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இன்றும் குடகிலிருந்தோ டேராடூனிலிருந்தோ ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு வந்து இறங்கினால் அவர் சின்னத் துரைதான். கவாத்து, மருந்து, கொழுந்து எல்லாம் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது தமிழ் வினைச்சொல்.

முதல் வாரம் சிரமமே இல்லை. தமிழில் வினையின் வேர்தான் ஒருமை ஏவல்: வா, போ, நில், வெட்டு. அதிகாரம் பண்ண வந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அந்தக் காலத்தில் சின்னத் துரைகளுக்கென்றே கொழும்பில் அச்சான தமிழ்க் கையேட்டின் தலைப்பே ‘இங்கே வா’. வெல்ஸ் என்பவர் 1915இல் கொண்டுவந்ததற்கு ‘கூலித் தமிழ்’ என்று பெயர். யார் சொல்ல யார் கேட்க வேண்டும் என்பது அட்டையிலேயே தீர்ந்துவிட்டது.

கூப்பிட்டவர் வந்தாரா என்று கேட்கும்போதுதான் வம்பு. ‘நட’ என்பது ‘நடந்தாய்’ ஆவதைக் கவனித்தவர், அதே கணக்கை ‘வா’வுக்கும் போடுகிறார். காலை மஸ்டரில், முந்தின நாள் வராத அம்மாளிடம் கேள்வி:

“நேத்து நீ வாந்தியா?”

“இல்லீங்க தொரை, வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. மக வீட்டுக்குப் போயிட்டேன்.”

செக்ரோல் எழுதும் கணக்குப்பிள்ளை தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது.

வா வந்தது, தா தந்தது, சா மட்டும் செத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, வினை எந்த வகுப்பு என்று பக்கத்திலேயே ஓர் எண் போட்டிருக்கும். அட்டைக்கடியோடு காட்டில் நிற்பவருக்கு அதனால் என்ன பயன்? இறந்தகாலத்தை விட்டுவிட்டுப் பிழைக்கவும் வழியில்லை. ‘ஆல்’ விகுதி இறந்தகால அடியில்தான் ஒட்டும்: வந்தால், நின்றால், செத்தால். ஸ்பானிஷ்காரர் பாடும் இதுதான். ‘அவர்களிடம் இருந்தது’ என்னும் துவியெரோனின் வாலை நறுக்கி ‘ரா’ சேர்த்தால்தான் ‘இருந்தால்’ என்னும் துவியெரா பிறக்கும். ஆனால் அங்கே ‘போனால்’, ‘ஆனால்’ இரண்டுக்கும் ஃபுவெரா ஒன்றே போதும். சின்னத் துரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

தோட்டமோ ‘ஆல்’ இல்லாமல் பேசாது. எடை குறைந்த அன்று ஒரே மூச்சில் வரும்: “மழ பேஞ்சிருந்தா கொழுந்து வந்திருக்கும் தொரை. மருந்து நேரத்துக்கு அடிச்சிருந்தா புழு விழுந்திருக்காது. பனியில கருகாம இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல.” சின்னத் துரைக்குப் புரிவது ‘தொரை’ மட்டும்.

மகசூல் ஏன் குறைந்தது என்று பெரிய துரை பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கேட்கும் நாளில், இரவோடு இரவாக அத்தனையும் புரிந்துவிடுகிறது. பதில் சொல்வது ஆங்கிலத்தில். ஆனால் முதலில் மழை, அடுத்து மருந்து, கடைசியில் பனி: வரிசை அப்படியே எடை போட்ட இடத்தில் கேட்டது.

அவர் மாற்றலாகிப் போய் நாளாயிற்று. லயத்தில் வேலைக்கு மட்டம் போட்டவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி இன்றும் கேட்பது: “என்னக்கா, நேத்து நீ வாந்தியா?”