போலி வைத்தியரும் அசல் திராவகமும்

கந்தக அமிலத்தை ரசாயனங்களின் ராஜா என்பார்கள். உரம், கார் பேட்டரி என்று எங்கும் அதன் ஆட்சிதான். ஆனால் இங்கிலாந்தில் ராஜாவை மொத்த வியாபாரத்துக்கு இழுத்து வந்தவர் ஒரு போலி வைத்தியர்: ஜோஷுவா வார்டு.

வார்டு 1717இல் பார்லிமென்டுக்குள் போய் உட்கார்ந்தார். தேர்தலே செல்லாது என்று சபை அவரை வெளியே அனுப்பியது. பிரான்ஸுக்கு ஓடினார்; 1733இல் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, கையில் ஒரு மாத்திரையோடு திரும்பினார். அதில் இருந்தது ஆன்டிமணி. விழுங்கியவருக்கு மேலேயும் போகும், கீழேயும் போகும். நோய் போனதா என்று கேட்கத் தெம்பு இருக்காது. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பிசகிய கட்டைவிரலை வெடுக்கென்று இழுத்தார், அது மட்டும் நிஜமாகவே சரியாகிவிட்டது. அப்புறம் என்ன, அரண்மனைச் செல்வாக்குதான்!

1736இல் ட்விக்கன்ஹாமில் திராவகப் பட்டறை போட்டார். பெரிய கண்ணாடிக் குடுவைகளின் அடியில் கொஞ்சம் தண்ணீர். வாய்ப்பக்கம் கந்தகமும் வெடியுப்பும் எரியும். புகை தண்ணீரில் இறங்கி அமிலமாகும். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் கூச்சல் போட, பட்டறை ரிச்மண்டுக்கு இடம் மாறியது. மாத்திரையை விழுங்கிய ஊர், புகையை விழுங்க மறுத்துவிட்டது.

ஆனால் இந்தச் சரக்கு அசல். முன்பு ஓர் அவுன்ஸ் விற்ற விலைக்கு இப்போது ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸ். குணமோ முரட்டுக் குணம். சர்க்கரையில் ஊற்றினால் நீர்ச்சத்தைப் பிடுங்கிக் கரியாக்கிவிடும். தோலுக்கும் அதே மரியாதைதான். அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல மெல்ல விட வேண்டும்.

கண்ணாடி எத்தனை நாள் தாங்கும்? 1746இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் ஈயத்தால் அறை கட்டினார். அமிலம் ஈயத்தைக் கடித்த உடனே ஈய சல்பேட் படலம் மூடி, மேற்கொண்டு கடிக்க விடாது. உடையாது, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். புளித்த பாலில் வாரக்கணக்கில் ஊறி வெளுத்த லினன் துணிக்கு, நீர்த்த அமிலத்தில் சில மணி நேரம் போதுமென்றானது. வார்டு 1749இல் தன் கண்ணாடி முறைக்குக் காப்புரிமை வாங்கி முடிப்பதற்குள் காலம் ஈயத்துக்கு மாறியிருந்தது.

ரோபக் லெய்டனில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். நிலக்கரிச் சுரங்கத்திலும் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினிலும் பணத்தைக் கொட்டி, 1773இல் திவாலானார். எஞ்சினில் அவருடைய பங்கு மேத்யூ போல்டன் கைக்குப் போயிற்று.

வார்டு 1761இல் வசதியாகவே கண்ணை மூடினார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பலிபீடத்துக்கு முன்னால் புதையுங்கள், முடியாவிட்டால் எவ்வளவு கிட்டே முடியுமோ அங்கே புதையுங்கள் என்று உயிலும் எழுதி வைத்திருந்தார். பேரத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை.