சிநேகித விவாக விசாரணை

உறவினர் கல்யாணத்தில் தாய்மாமன் எங்கே நிற்க வேண்டும், அத்தை எந்தத் தட்டைத் தூக்க வேண்டும், பங்காளி எந்தக் கட்டத்தில் கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பனவெல்லாம் ஐயத்துக்கிடமின்றி நம் முன்னோரால் நிர்ணயிக்கப்பட்டிருக்க, சிநேகிதனுடைய விவாகத்திற்கு, அதிலும் வேறு மதத்தைச் சேர்ந்த சிநேகிதனுடைய விவாகத்திற்குச் செல்பவன் என்ன செய்யக் கடவன் என்பதைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் வாய் திறவாமல் இருப்பது பெருங்குறையே ஆகும். இக்குறையை நிவர்த்திக்கக் கருதுவோர்க்குக் குச்சனூரினும் தக்க களம் வாய்ப்பது அரிது. சுரபி நதிக்கரையில் சுயம்புவாகச் சனீஸ்வரர் எழுந்தருளியிருக்கும் இவ்வூரிலிருந்து சின்னமனூர் சென்று பஸ் மாறினால், இராவுத்தர்கள் மிகுந்த உத்தமபாளையமும் கத்தோலிக்கர் மிகுந்த இராயப்பன்பட்டியும் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் வந்துவிடும். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் பெயரால் 1956 இல் எழுந்த கல்லூரியோ, இம்மூன்று திறத்துப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சியில் நெருக்கி உட்கார வைத்து, பிற்காலத்தில் விளையப்போகும் கல்யாணப் பத்திரிகைகளுக்கான விதையை ஆண்டுதோறும் தூவிக்கொண்டே இருக்கிறது.

முதற்கண் காலத்தை விசாரிப்போம். ஆடியும் மார்கழியும் இந்துக்களுக்குக் கல்யாணமில்லா மாதங்கள். புரட்டாசியையும் பலர் தள்ளிவைப்பர். கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் மணவிழாவைத் தவிர்ப்பர். முஸ்லிம்கள் ரமலான் நோன்பு மாதத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. அம்மாதமோ சந்திரனைப் பின்பற்றுவதாதலால், சூரியக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறி, மெல்ல மெல்லப் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. ஆகவே ஒரே மதத்தில் மட்டும் சிநேகிதம் செய்தவனுக்கு ஆண்டில் ஓரிரு மாதமேனும் சட்டைப்பைக்கு ஓய்வு கிடைக்க, மூன்று மதத்திலும் சிநேகிதம் செய்தவனுக்கு அந்த ஓய்வு ஏறக்குறைய இல்லை என்பது நம் முதற் சித்தாந்தம். 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரமலான் நோன்பும் தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தனவே, அப்போது இளைப்பாறவில்லையா என்று பூர்வபக்ஷம் எழுப்புவோர், அதே மாதத்தில் மாசி முகூர்த்தங்கள் வந்ததை மறந்தவராவர்.

இவ்விஷயத்தில் குச்சனூர்வாசிக்கு வாய்த்த தனிச்சிறப்பு ஒன்று உண்டு. ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லை என்று பிற ஊரார் வேட்டியை மடித்து வைக்கும் வேளையில்தான் இங்கே ஆடிச் சனிக்கிழமைத் திருவிழா. எள் விளக்கு ஏற்ற வரும் வெளியூர்க் கூட்டத்தை இறக்கிவிட்டுத் திரும்பும் பஸ்களே அன்று அதிகம். ஆடி என்பது கணக்கில் இல்லாத உத்தமபாளையத்து நண்பன் அந்தச் சனிக்கிழமையிலேயே நிக்காஹ் வைத்துவிட, ஊரே உள்ளே வந்துகொண்டிருக்கும்போது தான் ஒருவன் மட்டும் பட்டுக்கரை வேட்டியும் அத்தர் வாசனையுமாக வெளியேறிச் செல்பவனைப் பார்க்கும் பக்தர்கள், இவனைச் சனி பிடித்ததா, விட்டதா என்று விளங்காமல் வழிவிட்டு நிற்பார்கள்.

இனி, கல்யாணத்திற்குப் போன சிநேகிதன் கல்யாணத்தைக் காண்கிறானா என்னும் கேள்வி. காண்பதில்லை என்பதே நம் முடிபு. இந்து முறையில் திருப்பூட்டும் அந்தக் கணத்தில் மணமக்களுக்கும் சபைக்கும் நடுவே போட்டோகிராபர் இருவரும் வீடியோக்காரர் ஒருவரும் குறுக்கே நின்றுவிடுவதால், நாம் எறியும் அட்சதை அவர்களுடைய முதுகையே ஆசீர்வதிக்கிறது. நிக்காஹில் மணமகள் சபையிலேயே இல்லை. அவளுடைய சம்மதம் தனியே பெறப்பட்டு, மஹர் தொகை சபையறியச் சொல்லப்பட்டு, மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதும் காரியம் முடிந்துவிடுவதால், பஸ் சற்றுப் பிந்தினாலும் பேரீச்சம்பழம் ஒன்றே நமக்குக் கிடைத்த சாட்சியமாகும். கத்தோலிக்கக் கோயில் பூசையிலோ காண்பதற்கு நேரம் தாராளமாக இருந்தும், எப்போது எழுவது, எப்போது உட்காருவது, எப்போது முழந்தாளிடுவது என்னும் கவலையிலேயே அது கழிந்துவிடுகிறது. முன்வரிசைக்காரரைப் பார்த்துச் செய்தால் போதும் என்பர் அனுபவஸ்தர்; முன்வரிசைக்காரரும் குச்சனூர்க்காரராயின் அந்த உபாயம் பயன்படாது.

சாட்சி கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்காஹுக்கு வேண்டிய இரு சாட்சிகளும் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையோ இரு சாட்சிகளைக் கேட்பதோடு நின்று, அவர்களுடைய மதத்தை விசாரிப்பதில்லை. இந்து முறையில் அக்கினியே சாட்சியாகிவிடுவதால் பேனாவுக்கு வேலை இல்லை. எல்லா மதத்தாரும் திருமணத்தைப் பதிந்தே தீர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009 இல் பிறந்த சட்டம், சாட்சி என்ற பெயரில் சிநேகிதனுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலிலும் ஓர் அரைநாள் அலுவலை உண்டாக்கித் தந்திருக்கிறது.

நம் விசாரணையின் உயிர்நிலை, எம் மாவட்டத்தார் செய்முறை என்று வழங்கும் மொய்யிலே இருக்கிறது. மொய் நோட்டின் முதற்பக்கத்தில் இந்துவானால் பிள்ளையார் சுழியும் நான்கு மூலைக்கு மஞ்சளும், இராவுத்தரானால் 786 என்னும் எண்ணும், கிறித்தவரானால் சிறு சிலுவையும் இருக்கும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பரமார்த்தம் முடிந்து, ஊர், தகப்பன் பெயர், தொகை என்னும் மூன்றே தத்துவங்கள் எஞ்சி நிற்கும். பாண்டியர் காலத்துச் சின்னமனூர்ச் செப்பேடுகள் மகாபாரதம் தமிழானதையும் மதுரையில் சங்கம் நிறுவியதையும் பெருமையோடு பேசி, அதன் பின்னரே தானத்திற்கு வருகின்றன. மொய் நோட்டோ அப்படிச் சுற்றி வளைப்பதில்லை. ஐந்நூற்றொன்று என்று எழுதினால் ஐந்நூற்றொன்றுதான், அதுவும் திரும்பி வர வேண்டிய ஐந்நூற்றொன்று. இக்கடனைத் தீர்க்காதவன் மூன்று மதத்திலும் மோட்சம் அடையான் என்பது எம் துணிபு.

சிநேகிதன் அந்த நோட்டில் எந்த உறவுக்குள் அடங்குவான் என்பது நெடுநாள் ஐயம். உத்தமபாளையத்தில் ஒரு மண்டபத்தில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் அதைத் தீர்த்து வைத்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“குச்சனூருங்க.”

“மாப்பிள்ளைக்கு என்ன முறை வேணும்?”

“முறையெல்லாம் இல்லைங்கய்யா, கூடப் படிச்சேன்.”

“அப்ப மச்சான்தான். அடுத்த ஆள் வாங்க.”

ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர், உறவை இவ்வளவு சுருக்கமாகவா உண்டாக்கும் என்று வியந்துகொண்டே பந்திக்கு நடந்தோம்.

பந்தியிலும் ஆராய்ச்சியாளர் கவனியாது விட்ட பகுதி ஒன்று உண்டு. அது பிரியாணிப் பந்திக்கு அப்பால், துணித் தடுப்புக்குப் பின்னே, தனிச் சமையற்காரர் வைத்து ஆக்கும் சைவப் பந்தி. மதங்களின் சமரசத்தை மேடைகளில் தேடுவோர் இவ்விடத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமையானால் மாமிசம் விலக்கிய இராயப்பன்பட்டி மூதாட்டி, சனிக்கிழமையானால் விரதக்காரரான குச்சனூரார், கார்த்திகையானால் குமுளி வழியே மலைக்குப் போக மாலை போட்டவர், எந்த நாளானாலும் டாக்டர் உத்தரவுக்கு அஞ்சி ஒதுங்கிய மாப்பிள்ளையின் பெரியத்தா ஆகிய இவர்களெல்லாம் ஒரே வரிசையில் இலை போட்டு, தடுப்பைத் தாண்டி வரும் நெய்மணத்தை ஒரே விதமான பெருமூச்சோடு வரவேற்கும் காட்சி வேறெங்கும் காண்பதற்கில்லை.

இப்பந்தியில் இன்னும் தீராத தத்துவ விவாதம், தால்சாவைப் பற்றியது. பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் கூடிக் கொதிக்கும் அக்குழம்பில் எலும்பும் சேர்ந்தே கொதிப்பதால், ஒரு சொட்டும் ஆகாது என்பார் ஒரு சாரார். துண்டு விழுந்தால்தான் தோஷம், காய்க்குத் தோஷமில்லை என்பார் மற்றொரு சாரார். இரண்டாம் கட்சியைச் சேர்ந்த எம்மூர் நண்பர் ஒருவர், ஆடிச் சனியன்று அந்தத் துணித் தடுப்பை விலக்கி, “காயாப் பார்த்து ஊத்துங்க தம்பி” என்று குரல் தாழ்த்திக் கேட்டபோது, வாளியோடு நின்ற இளைஞன் அகப்பையை அடியில் விட்டு ஒரு கத்தரிக்காயைத் துழாவி எடுத்து இலையில் இட்டு, “சாப்பிடுங்க மாமா, சனீஸ்வரர் கேட்டா நான் ஊத்தினேன்னு சொல்லுங்க” என்று தீர்ப்பளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.