அச்சுக்குப் போகும் முன்

பொருள் முழுதாகத் தயாராகும் முன்பே நாலு பேரிடம் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வது, அரைவேக்காட்டுச் சோற்றைப் பரிமாறுவது ஆகாதா?

உப்பைக் கொதிக்கும்போதே பார்ப்பதா, பந்தி முடிந்த பிறகா? 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் முதியோருக்காக வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பெயர்கள் இரு பக்கமாகப் பிரிந்தன; வாக்களிக்கக் குத்த வேண்டிய துளைகளோ நடுவில் ஒரே வரிசை. இடப்பக்கம் இரண்டாவது பெயர் வேட்பாளர் அல் கோர். இரண்டாவது துளையோ வலப்பக்கத்து வேட்பாளர் புகேனனுக்கு! 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேல் துளையிடப்பட்டுச் செல்லாமல் போயின. அந்த மாநிலத்தில் கோரை எதிர்த்த புஷ் வென்றது வெறும் 537 வாக்கு வித்தியாசத்தில். அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் சீட்டைப் பார்க்காமல் இல்லை. பார்ப்பது வேறு, ஒரு முதியவர் கையில் கொடுத்து, “இன்னாருக்குக் குத்துங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் கவனிப்பது வேறு. அதற்கு அச்சிட்ட சீட்டு எதற்கு? பென்சிலால் வரைந்த தாளே போதும். ஐந்து பேர் தடுமாறினாலே பிழை தெரிந்துவிடும். அரைகுறைப் பொருளில் எல்லாப் பிழையும் தெரியாது என்பீர்கள். உண்மை, அதனால்தான் முடிந்த பிறகும் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஆனால் தாளில் ரப்பரால் அழிக்கக்கூடியதை அச்சான பிறகு யார் அழிப்பது?