மூளையில் துண்டு போடும் மருந்து

கேள்வி: ஹெராயினை விட்டுவிட்ட என் தம்பி மறுபடி அதில் விழாமல் தடுக்க மருந்து உண்டா?
– வாசகி ஒருவர், அஸ்தினாபுரம்

பதில்: உண்டு சகோதரி! 1984-இல் அமெரிக்கா அனுமதித்த நால்ட்ரெக்சோன். தாம்பரம் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேபோல மூளையில் போதை உட்காரும் இடத்தை இது முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். ஹெராயின் ஏறினாலும் உட்கார சீட் கிடைக்காது!

ஆனால் கடைசி போதைக்குப் பின் 7 முதல் 10 நாள் கழித்து, டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டுப் பழைய அளவில் போதை எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்றாக, போதை ஏக்கத்தைத் தணிக்கும் பூப்ரெனார்ஃபினும் இருக்கிறது.

சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை அடையாறில்தான் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய கட்டணமில்லா உதவி எண்: 14446. திட்டு வேண்டாம், வேளை தவறாமல் மாத்திரையும், கூடவே உங்கள் அன்பும் கொடுங்கள். தம்பி மீள்வார்!